மாநில மகளிர் ஆணையத்தின் திட்டமிடல் முகாம்: மனுக் கட்டிலிருந்து ஆண்டுத் திட்டம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய தலைவரும் உறுப்பினர்களும் பொறுப்பேற்ற நாளிலிருந்தே ஆணையத்தின் வாசலில் மனுதாரர்கள் நிற்பார்கள். காலையில் விசாரணை, மதியம் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு, மாலையில் ஏதோ ஒரு மாவட்டத்தில் நடந்த கொடுமை பற்றிப் பத்திரிகையாளர்களின் கேள்விகள். அடுத்த நாள் சிறை ஆய்வு, அதற்கடுத்த நாள் டெல்லியில் கூட்டம். இப்படியே ஓடினால் பதவிக்காலம் முடியும்போது ஆயிரக்கணக்கான மனுக்கள் பதிவாகியிருக்கும். ஆனால் அந்த மனுக்கள் வரக் காரணமாயிருந்த ஓட்டை ஒன்றுகூட அடைபட்டிருக்காது. திட்டமிடல் முகாம் என்று இரண்டு நாள் ஒதுங்கி உட்காருவது இதற்காகத்தான்.

இந்தியாவில் மாநில மகளிர் ஆணையங்களில் பணிபுரிவோரையும், இத்தகைய முகாம்களை நடத்தித் தரும்படி அழைக்கப்படுவோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மகளிர் ஆணையம் யாரையும் தண்டிக்க முடியாது. அழைக்கலாம், கேட்கலாம், நேரில் போய்ப் பார்க்கலாம், பரிந்துரைக்கலாம். அதனால் ஆணையத்தின் திட்டம் என்பது "யாரை, எதைச் செய்ய வைக்கப் போகிறோம்?" என்ற கேள்விக்கான பதிலாக இருக்க வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தப் பதிலைத் தேடுவதற்கான வழிதான்.

படி 1: காலமும் ஆட்களும்

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதற்காக முகாமை ஏப்ரலில் வைக்காதீர்கள். அதற்குள் பணம் ஒதுக்கி முடிந்திருக்கும். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைத் துறைகள் தயாரிக்கத் தொடங்கும் முன், செப்டம்பர் வாக்கில் நடத்தினால் முகாமில் எடுத்த முடிவை நிதிக் கோரிக்கையாக மாற்ற நேரம் இருக்கும். விசாரணைக்குத் தேதி கொடுத்த நாட்களைத் தொடவே கூடாது. கைக்குழந்தையோடு இரவு பேருந்தில் வந்து இறங்கும் மனுதாரரிடம் "இன்று எல்லோரும் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்" என்று சொல்லும் நிலை வரக் கூடாது. அவசர அழைப்புகளைக் கவனிக்க முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர் அலுவலகத்தில் இருக்கட்டும்.

தலைவர், உறுப்பினர்கள், ஆணையத்தின் நிர்வாகத்தைக் கவனிக்கும் உறுப்பினர் செயலர் ஆகியோர் இரண்டு நாளும் முழுமையாக இருக்க வேண்டும். தொடக்க உரை நிகழ்த்திவிட்டுக் கிளம்பும் தலைவரை வைத்துக்கொண்டு திட்டம் போட முடியாது. அவர்களோடு சட்ட ஆலோசகர், மனோநல ஆலோசகர்கள், மனுக்களைப் பதிவு செய்யும் உதவியாளர் ஆகியோரும் வேண்டும். இந்தக் கடைசி நபரைப் பெரும்பாலும் யாரும் அழைப்பதில்லை. எந்த ஊரிலிருந்து எந்த மாதிரி மனு எந்த மாதத்தில் கூடுகிறது, எந்த அலுவலகத்திலிருந்து பதிலே வருவதில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். ஒப்பந்தப் பணியாளர் என்ற காரணத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

சமூக நலத் துறை அதிகாரிகள், காவல் துறை உயரதிகாரிகள், இலவசச் சட்ட உதவி தரும் மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பிரதிநிதி ஆகியோரை ஒரே ஓர் அமர்வுக்கு மட்டும் அழைப்பது நல்லது. ஆணையத்துக்கு நிதி வருவது சமூக நலத் துறை வழியாக. ஆணையம் கேள்வி கேட்க வேண்டியதும் அதே துறையைத்தான். துறைச் செயலாளர் இரண்டு நாளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் பணியாளர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

அமர்வுகளை நடத்த வெளியிலிருந்து ஒரு நெறியாளர் தேவை. அவர் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டாம். ஆணையத்தின் முன் வழக்கு நிலுவையில் உள்ள எந்த அமைப்பையும் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டாம். இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தங்கும் வசதியுள்ள ஏதாவது ஓர் அரசுப் பயிற்சி நிலையம் போதும். சக்கர நாற்காலி உள்ளே வர வேண்டும், குழந்தையோடு வரும் பணியாளருக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

படி 2: சட்டத்தை மேசை மேல் வையுங்கள்

ஒவ்வொருவர் கையிலும் உங்கள் மாநில ஆணையச் சட்டத்தின் நகல் இருக்கட்டும். தேசிய மகளிர் ஆணையம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1992 ஜனவரி 31 அன்று அமைந்தது. மாநில ஆணையங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வடிவில் வந்தவை. தமிழ்நாட்டில் 1993இல் ஆணையம் அமைந்தது, சட்டப்பூர்வ அந்தஸ்து 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்தது. ஆகவே அதிகாரங்களும் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

தேசிய ஆணையத்துக்கான மத்தியச் சட்டத்தின் 10ஆவது பிரிவு 14 பணிகளைச் சொல்கிறது. புகார்களை விசாரிப்பதும், தாமாக முன்வந்து எடுத்துக்கொள்வதும் அதில் ஒன்றுதான். சட்டங்களை ஆராய்ந்து திருத்தம் பரிந்துரைப்பது, சிறப்பு ஆய்வு நடத்துவது, சமூகப் பொருளாதாரத் திட்டமிடலில் பங்கேற்று ஆலோசனை சொல்வது, பெண்கள் அடைத்துவைக்கப்பட்டுள்ள சிறைகளையும் காப்பகங்களையும் பார்வையிடுவது, பெரும் எண்ணிக்கையிலான பெண்களைப் பாதிக்கும் வழக்குகளுக்கு நிதி உதவுவது என்று பட்டியல் நீள்கிறது. விசாரணையின்போது ஆட்களை அழைக்கவும், ஆவணங்களைக் கோரவும், பிரமாணப் பத்திரத்தில் சாட்சியம் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு.

முகாமுக்கு முன் ஒரு தாளில் உங்கள் மாநிலச் சட்டம் தரும் பணிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடந்த ஆண்டு என்ன செய்தோம் என்று குறித்துவையுங்கள். புகார் விசாரணைக்கு எதிரே பக்கம் நிறையும். பல வரிகளுக்கு எதிரே வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடங்களை மறைக்காமல் அப்படியே முகாமுக்குக் கொண்டுவாருங்கள்.

பழைய பரிந்துரைகளுக்கும் ஒரு பதிவேடு போடுங்கள். தேசிய ஆணையத்தின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்போது, பரிந்துரைகள் மீது எடுத்த நடவடிக்கையையும், ஏற்காதவற்றுக்கான காரணத்தையும் அரசு சேர்த்து வைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 14ஆவது பிரிவு. உங்கள் மாநிலச் சட்டத்திலும் இதுபோன்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஐந்து ஆண்டுப் பரிந்துரைகளை எடுத்து எதற்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்று எழுதுங்கள். புதிதாக நூறு பரிந்துரை எழுதுவதைவிடப் பழைய பத்துக்குப் பதில் வாங்குவது பெரிய வேலை.

படி 3: மனுக்களைப் படியுங்கள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் கேட்கும் படி இதுதான். முகாமுக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். கடந்த ஆண்டு மனுக்களில் நூறை எடுங்கள். முக்கியமான வழக்குகளாகப் பொறுக்காமல், பதிவேட்டில் ஒவ்வோர் இருபதாவது, முப்பதாவது மனு என்று சீரான இடைவெளியில் எடுங்கள். பிரபலமான வழக்குகளை மட்டும் எடுத்தால், ஊடகம் பார்த்த உலகத்தைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள்.

பெயர், முகவரி, ஊர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டே வெளியே எடுக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களின் விவரங்களை வெளியிடுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தடை செய்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 72ஆவது பிரிவின்படி குற்றம். நெறியாளருக்கும் மறைத்த நகலைத்தான் தர வேண்டும்.

வழக்கமான வகைப்பாடு வரதட்சணை, குடும்பத் தகராறு, சொத்து, பணியிடம் என்று போகும். அது ஆண்டறிக்கைக்கு உதவும், திட்டத்துக்கு உதவாது. ஒவ்வொரு மனுவுக்கும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: ஆணையத்துக்கு வருவதற்கு முன் அவர் எங்கெல்லாம் போனார்? ஒவ்வோர் இடத்திலும் என்ன சொல்லி அனுப்பினார்கள்? சட்டப்படி அங்கே என்ன நடந்திருக்க வேண்டும்? நாம் யாருக்குக் கடிதம் எழுதினோம், பதில் எப்போது வந்தது? கோப்பு மூடப்பட்டபோது அவர் கைக்கு என்ன கிடைத்தது?

ஒரு மாதிரி மனுவை எடுத்துக்கொள்வோம். கணவரும் மாமியாரும் அடித்து வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டார்கள், இரண்டு குழந்தைகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்கிறார் ஒரு பெண். முதலில் அனைத்து மகளிர் காவல் நிலையம் போனார். சி.எஸ்.ஆர். ரசீது (வழக்குப் பதியாமல், புகார் பெற்றதற்கு மட்டும் தரும் சீட்டு) கொடுத்தார்கள். இரண்டு தரப்பையும் மூன்று முறை கூப்பிட்டுப் பேசினார்கள். மூன்று முறையும் கணவர் "கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று எழுதிக் கொடுத்தார், போகவில்லை. ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஆணையத்துக்கு மனு வந்தது. காவல் கண்காணிப்பாளருக்குக் கடிதம் போனது. "இருதரப்பினரும் சமரசமாகச் செல்வதாகத் தெரிவித்துள்ளனர்" என்ற ஒரு வரிப் பதில் வந்தது. கோப்பு மூடப்பட்டது.

இப்போது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புகார் பெறும் காவல் அதிகாரி, நிவாரணம் கோரி விண்ணப்பிக்கும் உரிமை, பாதுகாப்பு அலுவலரின் (இச்சட்டத்தின் கீழ் பெண்ணுக்கு உதவ அரசு நியமிக்கும் அதிகாரி) உதவி, இலவசச் சட்ட உதவி ஆகியவற்றை அந்தப் பெண்ணிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது பிரிவு 5. பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை பிரிவு 17இல் இருக்கிறது. நீதித்துறை நடுவரிடம் விண்ணப்பம் போனால் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் வைக்கப்பட வேண்டும், அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். இலவசச் சட்ட உதவிக்குப் பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. இத்தனையும் சட்டத்தில் இருக்க, அந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதமும் கிடைத்தது பேச்சுவார்த்தை மட்டும். பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நம் அலுவலகமும் கேட்கவில்லை.

இப்படிப் படிக்கும்போது சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது என்பது தெரிந்துவிடும். நூறு மனுவில் முப்பது மனு ஒரே இடத்தில் அறுந்திருந்தால், முப்பது பேருக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதுவதோடு அந்த இடத்தையும் சரிசெய்ய வேண்டும். ஆண்டுத் திட்டத்தின் முதல் குறிக்கோள் உங்களுக்கு அங்கே கிடைக்கும்.

படி 4: வராதவர்களைத் தேடுங்கள்

மனு போட்டவர்கள் எப்படியோ ஆணையம் வரை வந்து சேர்ந்தவர்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே யாரிடமாவது உதவி தேடினார்கள் என்கிறது. அந்த உதவியும் பெரும்பாலும் தாய்வீட்டிலும் உறவினரிடமும் தேடியது. மனுக் கட்டை மட்டும் நம்பித் திட்டம் போட்டால், மிகவும் ஒடுக்கப்பட்டவர்கள் திட்டத்துக்கு வெளியே நிற்பார்கள்.

மாவட்ட வரைபடத்தில் மனுக்களின் எண்ணிக்கையைக் குறியுங்கள். மனுவே வராத மாவட்டம் அமைதியான மாவட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே 181 மகளிர் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் எத்தனை, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு வீட்டுவேலை செய்பவர்கள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிப் பெண்கள், திருநங்கைகள், பழங்குடிக் கிராமத்துப் பெண்கள் என்று சில குழுக்களோடு முகாமுக்கு முன்பே அவர்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். முகாமுக்கே அழைத்து மேடையில் ஐந்து நிமிடம் பேசவைத்து அனுப்புவது அவர்களுக்கு மரியாதை அல்ல. பேசியதை எழுதி, அவர்களிடமே படித்துக்காட்டி, சம்மதம் வாங்கி முகாமுக்குக் கொண்டுவாருங்கள்.

படி 5: முதல் நாள்

வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம். காலையில் முதல் வேலையாக, பெயர் மறைத்த ஐந்து மனுக்களைப் பங்கேற்பாளர்கள் மாறி மாறிச் சத்தமாகப் படிக்கட்டும். ஒவ்வொரு மனுவின் பயணத்தையும் சுவரில் ஒட்டிய நீளத் தாளில் தேதிவாரியாக வரையுங்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவே ஒன்றுமே நடக்காத இடைவெளியைச் சிவப்பில் அடியுங்கள். அந்தச் சிவப்புக் கோட்டின் நீளம் நம் அலுவலகப் பகுதியிலும் வரும். யார் மேல் குற்றம் என்று தேடாமல், அந்த நாட்களில் கோப்பு யார் மேசையில், எதற்காகக் காத்திருந்தது என்று மட்டும் கேட்க வேண்டும்.

பேசும் வரிசையை நெறியாளர் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். பதவியில் இளையவர் முதலில், தலைவர் கடைசியில். தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் "அம்மா சொன்னதுதான் சரி" என்று முடித்துக்கொள்வார்கள். நம் அலுவலகங்களின் பழக்கம் அது. மனோநல ஆலோசகர்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாள் முழுக்கப் பிறர் துயரத்தைக் கேட்பவர்களின் களைப்பும், ஒருவருக்கு எத்தனை மனு என்ற வேலைச் சுமையும் திட்டத்துக்குள் வர வேண்டிய விஷயங்கள்.

மதியத்துக்குப் பிறகு துறை அதிகாரிகளின் அமர்வு. உரை நிகழ்த்தச் சொல்லாதீர்கள். மனுக்களில் தெரிந்த மூன்று நான்கு அறுந்த கண்ணிகளைப் பத்து நாள் முன்பே எழுத்தில் அனுப்பி, "இதை மாற்ற உங்கள் பக்கம் என்ன தேவை?" என்று மட்டும் கேளுங்கள். பாதுகாப்பு அலுவலருக்கு வாகனம் இல்லை, ஒருவரே மூன்று பொறுப்பு பார்க்கிறார் என்பது போன்ற பதில்கள் வரும். அவை ஆணையம் அரசிடம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்.

படி 6: இரண்டாம் நாள், தேர்ந்தெடுப்பது

முதல் நாள் முடிவில் கையில் இருபது, இருபத்தைந்து பிரச்சினைகள் இருக்கும். எல்லாமே நியாயமானவை. அதில் நான்கைத் தாண்டி எடுக்காதீர்கள். இந்த இடத்தில்தான் மனம் கனக்கும். குழந்தைத் திருமணமா, பணியிடக் குழுக்களா, சிறையில் இருக்கும் பெண்களா என்று எதை ஒதுக்க முடியும்? ஒதுக்குவது கைவிடுவது ஆகாது. வருகிற ஒவ்வொரு மனுவும் எப்போதும்போல விசாரிக்கப்படும். ஆணையம் தன் முழு பலத்தையும் எந்த நான்கு இடத்தில் வைத்துத் தள்ளப்போகிறது என்பது மட்டும்தான் இங்கே முடிவாகிறது.

ஒவ்வொன்றையும் மூன்று கேள்வியால் உரசிப் பாருங்கள். எத்தனை பெண்களைத் தொடுகிறது? ஆணையத்துக்குள்ள அதிகாரத்தால் இதை நகர்த்த முடியுமா? வேறு எந்த அமைப்பும் செய்யாத வேலையா? இரண்டாவது கேள்வியில் பல விஷயங்கள் தங்காமல் போகும். சான்றாக, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு அமைப்பது வேலையளிப்பவரின் கடமை, மேற்பார்வை மாவட்ட அலுவலரிடம். ஆணையம் ஒவ்வொரு நிறுவனமாகப் போய் நிற்க முடியாது. சிறிய இடங்களின் புகார்களைப் பெறும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுக்கள் எல்லா மாவட்டங்களிலும் செயல்படுகின்றனவா, எத்தனை புகார் பெற்றன என்று ஆவணம் கோரிப் பெற்று வெளியிட முடியும். குறிக்கோளை அந்த அளவுக்குச் சுருக்கினால் அது நம் கைக்குள் வந்துவிடும்.

வாக்கெடுப்பில் முடிவு செய்வதைவிட, கருத்து வேறுபட்டவர் தன் ஆட்சேபணையை எழுத்தில் பதிவுசெய்து முடிவை ஏற்பது நல்லது. ஆறு மாதம் கழித்து அந்த ஆட்சேபணை பயன்படும்.

படி 7: குறிக்கோளை எழுதும் விதம்

"குடும்ப வன்முறை குறித்த விழிப்புணர்வை மேம்படுத்துதல்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆண்டு முடிவில் நான்கு கருத்தரங்கப் படங்களை ஒட்டிவிட்டு நிறைவேறியது என்று சொல்லிவிடலாம். மேலே பார்த்த மனுவின் வழியே வந்த குறிக்கோளை இப்படி எழுதலாம்:

"குடும்ப வன்முறைப் புகாரோடு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பிரிவு 5 கூறும் தகவல்களும் பாதுகாப்பு அலுவலரின் தொடர்பு விவரமும் எழுத்தில் தரப்பட வேண்டும், அது நிலையப் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். இதற்கான சுற்றறிக்கையை டிசம்பருக்குள் காவல் துறைத் தலைமையிடம் பெறுவது. மார்ச்சுக்குள் ஐந்து மாவட்டங்களில் பதிவேட்டை நேரில் பார்ப்பது. பொறுப்பு: ஓர் உறுப்பினர், சட்ட ஆலோசகர். சுற்றறிக்கை வராவிட்டால்: பிப்ரவரியில் விவரம் கோரி அழைப்பாணை, ஆண்டறிக்கையில் தனிப் பரிந்துரை."

கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். கடிதத்துக்குப் பதில் வராதபோது அடுத்து என்ன என்பதை அமைதியான நேரத்தில் முடிவுசெய்து வைத்திருந்தால், அழுத்தம் வரும் நேரத்தில் தயக்கம் வராது.

குறிக்கோள்களோடு நம் அலுவலக நடைமுறைக்கும் ஒரு பக்கம் வேண்டும்: மனு வந்த எத்தனை நாளுக்குள் மனுதாரருக்குத் தகவல், ஒரு வரிப் பதிலை வைத்துக் கோப்பை மூடுவதில்லை, மூடும் முன் மனுதாரரிடம் தொலைபேசியில் கேட்பது. இவற்றுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. திங்கட்கிழமையே தொடங்கலாம்.

படி 8: முகாமுக்குப் பிறகு

ஒரு வாரத்துக்குள் திட்டம் நான்கைந்து பக்கத்தில் எழுதப்பட்டு, ஆணையக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற வேண்டும். தீர்மானம் இல்லாத திட்டம் அலுவலகத்தில் யாரையும் கட்டுப்படுத்தாது. நிதி தேவைப்படும் பகுதிகளை உறுப்பினர் செயலர் தனியாகப் பிரித்து, மதிப்பீட்டுக் கோரிக்கையாகத் துறைக்கு அனுப்பட்டும். திட்டத்தின் சுருக்கம் பொதுமக்கள் பார்க்கும்படி எளிய தமிழில் வெளியாகட்டும். முன்பு சந்தித்த குழுக்களிடம் திரும்பப் போய், அவர்கள் சொன்னதில் எது திட்டத்தில் இடம்பெற்றது, எது இடம்பெறவில்லை, ஏன் என்று நேரில் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் ஆய்வு போதும். அன்றும் புதிதாக இருபது மனுக்களை எடுத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். சுற்றறிக்கை வந்த பிறகு பதிவான மனுக்களில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்? எண்ணிக்கை கூடவில்லை என்றால் சுற்றறிக்கை காவல் நிலையத்தை எட்டவில்லை என்று பொருள், மறுபடியும் கேட்க வேண்டும்.

பதவிக்காலம் முடியும்போது புதியவர்கள் வருவதற்குள் சில நேரம் மாதக்கணக்கில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அதுவரை திட்டத்தைத் தூக்கிச் செல்லப்போவது உறுப்பினர் செயலரும் பணியாளர்களும்தான். பரிந்துரைப் பதிவேடு, பெயர் மறைத்த மனு ஆய்வுகள், நடவடிக்கைக் குறிப்புகள், நிலுவையிலுள்ள அழைப்பாணைகள் ஆகியவற்றை ஒரே கட்டாக, பட்டியலோடு, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் முதல் முகாமிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.